இஞ்சின் இல்லாத கூட்ஸ் வண்டி

அழுக்குத் துணி எடுக்கப் போன இடத்தில்தான் மஜீதாவுக்கு அந்தத் தலைவலி வந்து சேர்ந்தது. புருஷன் அப்துல் குத்தூஸின் பையைக் கவிழ்த்தால் வெள்ளிக்கிழமைதோறும் விழுகிறது தெரிந்ததுதான். கசங்கிய கைலி, வேர்த்து நாறும் சட்டை, தனுஷ்கோடி மணல் ஒரு கைப்பிடி. அன்றைக்கு அவற்றோடு ஓர் அட்டைப் பெட்டியும் விழுந்தது.

திறந்து பார்த்தாள். உள்ளே தகரத்தில் செய்த பொம்மை ரயில் பெட்டி. சாம்பல் நிறம், வெள்ளைக் கூரை, பின்னால் ஒரு ஆள் நிற்கிற மாதிரி சின்னத் தாழ்வாரம், இரண்டு பக்கமும் கொக்கி. இதைப் பூட்டு, அதை ஒட்டு என்கிற வேலையெல்லாம் கிடையாது. எடுத்துக் கீழே வைத்தால் ஓட வேண்டியதுதான் என்று முழுசாகச் செய்து அனுப்பியிருந்தார்கள். மஜீதா தரையில் வைத்து லேசாகத் தள்ளினாள். அது நேராகப் போய் அரிசிப் பானையில் முட்டி நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் இது யாருக்கு என்ற கேள்வி வந்தது. சிரிப்பு போய்விட்டது.

அந்த வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் மஜீதாவுக்குப் பிள்ளை இல்லை.

கீழக்கரையில் வீடு என்பது பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். அப்துல் குத்தூஸும் அப்படி வந்தவர்தான். தனுஷ்கோடியில் ரயிலில் வரும் சரக்கை இறக்கிக் கொழும்புக் கப்பலுக்கு ஏற்றிவிடுகிற ஏஜெண்டு ஆபீசில் வேலை. மேஸ்திரிக்கு மேலே, முதலாளிக்குக் கீழே, இருவரிடமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். அங்கேயே ஓர் அறையில் தங்கிக்கொண்டு, வியாழன் சாயங்காலம் ஊருக்கு வந்து ஜும்ஆ தொழுதுவிட்டு, சனிக்கிழமை காலையில் புறப்பட்டுவிடுவார். அதிர்ந்து பேசத் தெரியாது. குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் மூச்சுக் காட்டமாட்டார்.

இப்படிப்பட்ட ஆளிடம் நேராகக் கேட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். மஜீதா கேட்கவில்லை. பொம்மையைத் தன் பெட்டிக்குள் புடவைக்கடியில் வைத்துவிட்டு, அவராகக் கேட்கட்டும் என்று காத்திருந்தாள். கேட்டால் எடுத்துக் கொடுப்பாள். யாருக்கு என்று அவரும் சொல்லிவிடுவார். முதலாளி மகனுக்கு என்று சொன்னால்கூடப் போதும், நம்பிவிடுவாள்.

அவர் கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் பையை இரண்டு தடவை துழாவினார். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க மச்சான்?" என்றாள் மஜீதா.

"ஒண்ணுமில்ல புள்ள. சீப்பு."

சீப்பு அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் பொய் சொன்னால், அதற்குப் பின்னால் பெரிசாக ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

அவள் அதை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. பெற்ற உம்மாவிடம் சொன்னால் வீடு பற்றிக்கொள்ளும். அதனால் சாச்சி லத்தீபாவிடம் சொன்னாள். உம்மாவின் தங்கை, அடுத்த வீட்டில் தனியாக இருக்கிற விதவை. நல்ல மனுஷி. ஆனால் ஊரில் எந்தக் குடும்பம் எப்படி உடைந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பொம்மையைக் கையில் வாங்கி, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சாச்சி பெருமூச்சு விட்டார்.

"அடி மஜீதா, இது ஆம்புளப் புள்ள வெளையாடுற சாமான்டி."

"அதுக்கு?"

"கொழும்புல கடை வச்சிருந்தாரே மேலத்தெரு ஹாஜியாரு, வருஷக்கணக்கா நல்லவராத்தான் வந்து போயிட்டு இருந்தாரு. கடைசியில அவரு பெட்டிக்குள்ள ஒரு சின்னத் தொப்பி இருந்துச்சு. அந்தத் தொப்பிக்குள்ள ஒரு குடும்பமே இருந்துச்சு."

மஜீதா பொம்மையைப் பிடுங்கிக்கொண்டாள். ஆண் பிள்ளை வேண்டும் என்று இன்னொருத்தியைக் கட்டினால் ஊரில் யார் குத்தூஸைக் குறை சொல்லப் போகிறார்கள்? தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறினால் அக்கரை எவ்வளவு தூரம்? வாரத்தில் பாதிக்கு மேல் அவர் எங்கே இருக்கிறார் என்று கண்ணால் கண்டது யார்?

வஸ்வாஸ் என்பார்கள். ஷைத்தான் காதில் ஊதிவிட்டுப் போகிற சந்தேகம். அதை உதறித் தள்ளலாம் என்று மஜீதா துவாச் செய்துகொண்டிருந்தபோது அதே தெருவில் இருக்கிற சபியா வந்து அதன்மேல் எண்ணெய் ஊற்றினாள். சபியாவின் புருஷன் காதர் மைதீனுக்குக் கொழும்புக்கும் தனுஷ்கோடிக்கும் போய் வருகிற வியாபாரம்.

"லாத்தா, கேக்கணும்னே இருந்தேன்," என்றாள் சபியா. "ஒவ்வொரு தடவையும் உங்க மச்சான் எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு பொம்மை வண்டி வாங்கியாரச் சொல்றாராமே. வருஷக்கணக்கா வாங்கித் தாராராம். உங்க வீட்டுல எந்தப் புள்ளைக்கு?"

மஜீதா ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றாள். ஒரு பொம்மை இல்லை, வருஷக்கணக்காகப் பொம்மை. அப்படியானால் கைப்பிள்ளை இல்லை, தவழ்ந்து எழுந்து ஓடுகிற பிள்ளை. வாப்பா எப்போது வருவார், எந்த வண்டியைக் கொண்டுவருவார் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை. அந்தப் பிள்ளைக்குக் குத்தூஸின் விடைத்த காதுகளைக்கூட அவள் மனசு வைத்துப் பார்த்துவிட்டது. காதுகள் அழகாகத்தான் இருந்தன. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

உம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை சாயங்காலம் கதவு சாத்தியிருக்கும். மாப்பிள்ளையின் பெட்டி வெளியே இருக்கும். சண்டையோ கூச்சலோ இருக்காது. வீடு பெண்ணுடையது, அவ்வளவுதான். மற்ற ஊர்ப் பெண்களுக்கு இல்லாத பலம் என்று இதைச் சொல்வார்கள். பலம்தான். ஆனால் அந்தக் கதவைத் தன் கையால் சாத்த வேண்டும் என்று நினைத்துப் பார்க்கவே மஜீதாவால் முடியவில்லை. உப்பில்லாத குழம்பை ஊற்றிக்கொண்டு, நல்லாயிருக்கு என்று சொல்கிற அந்த மனுஷன் அவளுக்கு வேண்டும். சாத்துவதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

இராமேஸ்வரத்தில் ஆபில் காபில் தர்காவில் பாத்திஹா ஓதிவிட்டு வருகிறோம் என்று உம்மாவிடம் சொன்னார்கள். ஆண் துணை இல்லாமலா என்று உம்மா இழுத்தாள். லத்தீபா கூடப் போகிறாள் என்றதும் சம்மதித்துவிட்டாள். சாச்சி நாலு ஆம்பிளைக்குச் சமம் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பொம்மையை ஒரு துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு மஜீதா ரயிலில் உட்கார்ந்திருந்தாள். மண்டபம் ஸ்டேஷனில் எதிர்ப்பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி நின்றது. கருவாட்டு நாற்றம், மிளகாய் நெடி, சாக்கு வாடை எல்லாம் கலந்து வந்தது. அதன் கடைசிப் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடியில் இருந்ததேதான் அங்கே பெரிசாக நின்றது. தாழ்வாரத்தில் அந்த வண்டியின் கார்டு பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது சாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஓத ஆரம்பித்துவிட்டார். மஜீதா கண்ணை மூடவில்லை. கீழே கடலைப் பார்த்தாள். பயமே வரவில்லை. இதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்ததால் அதற்கு இடமில்லை.

பாம்பனில் இராமேஸ்வரத்து வண்டியை விட்டுவிட்டுத் தனுஷ்கோடி வண்டியில் ஏறினார்கள். இறங்கியதும் காற்று துப்பட்டியைப் பிடுங்கியது. பார்க்கிற இடமெல்லாம் மணல். கப்பல் புறப்பட்டுப் போயிருந்தது. அதன் புகை மட்டும் கடலுக்கு மேலே கிடந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண்ணைச் சாச்சி நிறுத்தினார். ராக்கு என்று பெயர். ஆபீஸ்காரர்களுக்கெல்லாம் அவள்தான் தண்ணீர் ஊற்றுகிறாளாம்.

"கீழக்கரை மரைக்காயரையா கேக்குறீக? அந்தா, அந்த ஓட்டுக் கட்டடம். இப்பப் போகாதீக. கப்பல் போனதுக்கப்புறம் கதவச் சாத்துனாகன்னா தொழுகைக்குத்தான் தெறப்பாக. எடையில யாரு தட்டுனாலும் அவுகளுக்குக் கோவம் வரும்."

கோபமா? குத்தூஸுக்கா? மஜீதா மெதுவாகக் கேட்டாள்: "உள்ள வேற யாரும் இருக்காங்களா?"

"நான் எங்க பார்த்தேன். பேச்சுச் சத்தம் மட்டும் கேக்கும்."

சாச்சி மஜீதாவின் கையை இறுகப் பிடித்தார். இரண்டு பேரும் மணலில் கால் புதையப் புதைய நடந்து அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றார்கள். உள்ளே குத்தூஸின் குரல் கேட்டது. பத்து வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள் ஒரு நாளும் கேட்டிராத குரல்.

"வாடா ராசா... மெதுவா, மெதுவா... அந்தப் பக்கம் சாயாதே, விழுந்துருவே... ஆங், அப்படித்தான். இன்னிக்கு உனக்கு அரிசி."

மஜீதா ஓர் அடி பின்னால் வைத்தாள். திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். பார்க்காமலே போய்விட்டால் அந்தப் பிள்ளை இல்லாததாகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார ஆசை. ஆனால் சாச்சி இவ்வளவு தூரம் வந்தது திரும்பிப் போவதற்கு இல்லை. தோளைக் கொடுத்து ஒரு இடி இடித்தார். உப்புக் காற்றில் துருவேறிக் கிடந்த தாழ்ப்பாள் கழன்று உள்ளே விழுந்தது. கதவு திறந்துகொண்டது.

அறை முழுக்கத் தண்டவாளம். கட்டிலின் நாலு காலையும் சுற்றி, மேஜைக்கடியில் புகுந்து, தண்ணீர்ப் பானையை வளைத்துக்கொண்டு சின்னத் தகரத் தண்டவாளம் ஓடியது. அதன்மேல் வரிசையாகப் பொம்மைக் கூட்ஸ் பெட்டிகள் நின்றன. திறந்த பெட்டி ஒன்றில் கரித்துண்டு, ஒன்றில் கல்லுப்பு, ஒன்றில் கொத்தமல்லி விதை. மூடின பெட்டி ஒன்றின் கதவைத் திறந்து நெத்திலிக் கருவாடு அடுக்கியிருந்தது. எண்ணெய் டாங்கி ஒன்று உண்மையாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. இவற்றுக்கு நடுவில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொப்பி ஒரு பக்கம் கிடக்க, ஒரு கையில் அரிசியோடு, அப்துல் குத்தூஸ் மண்டியிட்டிருந்தார். பேயறைந்தவர் மாதிரி பார்த்தார்.

சாச்சி அவரைச் சட்டை செய்யவில்லை. நேராகப் போய்க் கட்டிலுக்கடியில் குனிந்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். கொல்லைக் கதவைத் திறந்து மணலை நாலு திசையும் பார்த்தார்.

"பிள்ளை எங்க?"

"எந்தப் பிள்ளை சாச்சி?"

"இதையெல்லாம் வச்சு வெளையாடுற பிள்ளை!"

குத்தூஸ் கையில் இருந்த அரிசியைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துபோயின. "நான்தான்," என்றார்.

மஜீதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. எதை நிறுத்துவது என்று தெரியாமல் துப்பட்டியை வாயில் அடைத்துக்கொண்டாள். சிறு வயதில் கிணற்றில் விழுந்து, யாரோ தலைமயிரைப் பிடித்து இழுத்து மேலே போட்டபோது இப்படித்தான் மூச்சு வந்தது அவளுக்கு. பிள்ளை இல்லை. இன்னொருத்தி இல்லை. கதவைச் சாத்த வேண்டாம். அல்ஹம்துலில்லாஹ், இந்த மனுஷன் வெறும் பைத்தியம், அவ்வளவுதான்.

"இன்னொருத்தியக் கட்டிட்டீங்கன்னு நெனச்சேன் மச்சான்," என்றாள். "ஒரு பையன் இருக்கான்னு நெனச்சேன். உங்க காது மாதிரி காது."

குத்தூஸ் கையில் இருந்த அரிசியைப் பக்கத்துப் பெட்டியில் கொட்டினார். அப்படி ஒரு எண்ணம் யாருக்காவது வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மேஸ்திரி ஏமாற்றினாலும் கண்டுபிடிக்கத் தெரியாத மனுஷன், இன்னொரு குடும்பம் நடத்திவிடுவாராம்!

சாச்சிக்கு மட்டும் வந்த வேலை முடியாத கோபம். "சரி, இவ்வளவு பெட்டி இருக்கே, இஞ்சின் எங்க?"

"இஞ்சின் வேணாம் சாச்சி. எனக்கு ஓட்டுறதுல ஆசை இல்ல. ஏத்தி இறக்குறதுலதான்." கொஞ்சம் தைரியம் வந்து அவர் பேச ஆரம்பித்தார். "காலையிலேர்ந்து நெஜ கூட்ஸோட மல்லுக்கட்டுறேன். மிளகாய்க்குக் கேட்டா மண்ணெண்ண நாறுற பெட்டிய அனுப்புறான். கருவாட்டுக்குக் கேட்டா கூரை ஒழுகுது. இங்கன ஒண்ணாவது நான் சொன்னபடி நிக்குது. கொழும்புல ஒரு கடையில இருக்கு. ஒட்டுறது பூட்டுறது ஒண்ணும் வேணாம், வச்சா ஓடும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு. அந்தா அது பாலுக்கு. இது மாட்டுக்கு. அது வாழைப்பழத்துக்கு மட்டும்னே செஞ்சது, சாச்சி! வாழைப்பழத்துக்குத் தனியா ஒரு வண்டி!"

இவ்வளவு நீளமாக அவர் பேசி மஜீதா கேட்டதே இல்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் வந்தது. பயம் போன பிறகு வருகிற கோபம், ஆகவே நல்ல காரமான கோபம்.

"எங்கிட்டச் சொன்னா நான் என்ன, அடுப்புலயா போட்டுருவேன்? சீப்பு தேடுறேன்னு பொய் சொன்னீங்களே!"

குத்தூஸ் தரையைப் பார்த்தார்.

"தொட்டில் வந்துச்சே," என்றார்.

மஜீதாவுக்கு அந்தத் தொட்டில் நினைவுக்கு வந்தது. கல்யாணமான நாலாவது வருஷமோ என்னவோ, காக்கா என்று அவர் கூப்பிடுகிற அண்ணன் கொழும்பிலிருந்து நல்லெண்ணத்தோடு ஒரு தேக்குத் தொட்டில் கொண்டுவந்து இறக்கினார். வீட்டுக்கு வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும், யாருக்குத் தொட்டில் என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டே கேட்டவர்களும் உண்டு. மஜீதா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. ஒரு நாள் தொட்டிலைக் காணோம். எங்கே போனது என்று யாரும் பேசவும் இல்லை.

"அதை நான்தான் வண்டியில ஏத்தி அனுப்புனேன்," என்றார் குத்தூஸ். "இந்தச் சாமானை அங்கன கொண்டாந்து வச்சா திரும்பவும் அதே கேள்விதானே புள்ள கேப்பாங்க. எங்கிட்டயா கேப்பாங்க? உங்கிட்டத்தான் கேப்பாங்க. அதான் இங்கனயே வச்சுக்கிட்டேன். போன வியாழக்கிழமை ரயிலு நகர்ற நேரத்துல காதர் மைதீன் ஜன்னல் வழியா ஒண்ணக் குடுத்துட்டான். அது எங்கயோ போயிருச்சு."

இந்த மனுஷன் தன்னை நோகடிக்கக் கூடாது என்று ஒளித்து வைத்ததுதான் தன்னைக் கொன்று எடுத்தது என்பது மஜீதாவுக்குப் புரிந்தது. அவரைத் திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை. சாச்சி வேறு பக்கத்தில் நின்றார். துணி முடிச்சை அவிழ்த்து அந்தச் சாம்பல் நிறப் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

குத்தூஸ் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "கார்டு வண்டி!" என்றார். "இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். கார்டு வண்டி மாட்டாம கூட்ஸை எடுக்கக் கூடாது. சரக்கு ஏத்துவேன், இறக்குவேன். இதுவரைக்கும் ஒரு நாளும் வண்டியைக் கிளப்பினதில்ல."

"கொக்கிய எங்கன மாட்டணும்?" என்று கேட்டாள் மஜீதா.

அவர் காட்டினார். அவள் மாட்டினாள். இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கயிறு கட்டினார்கள். மஜீதாதான் இழுத்தாள். கரி, உப்பு, கொத்தமல்லி, அரிசி, கருவாடு எல்லாம் கட்டில் காலைச் சுற்றிக் கடகடவென்று வந்தன. மேஜைக்கடியில் வளைவில் மாட்டுப் பெட்டி தடம் புரண்டது. "நான்தான் சொன்னேனே, அது அந்தப் பக்கம் சாயும்," என்றார் குத்தூஸ். சாச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது குலுங்குகிற தோளில் தெரிந்தது. திரும்பும்போது பாம்பனில் வண்டி மாறி இராமேஸ்வரத்துக்குப் போய்த் தர்காவில் பாத்திஹாவும் ஓதிவிட்டார்கள். உம்மாவிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது அல்லவா.

அடுத்த வியாழக்கிழமை அப்துல் குத்தூஸ் ஒரு மரப்பெட்டியோடு வந்து இறங்கினார். வீட்டுக் கூடத்தில் அதைத் திறக்கச் சொன்னதே மஜீதாதான். வேண்டாம் என்று அவர் கண்ணால் கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. சபியா வந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொரு வண்டியாக வெளியே வந்து கூடத்தில் நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில் உம்மாதான் கேட்டாள்.

"இதெல்லாம் யாருக்கு?"

குத்தூஸ் தலையைக் குனிந்துகொண்டார். லத்தீபா சாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மஜீதா முந்திக்கொண்டாள்.

"எனக்கு உம்மா. நான்தான் வாங்கியாரச் சொன்னேன்."

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷமாக அவளைப் பார்த்துக் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு இவ்வளவு சின்னதாக ஒரு பதில் இருந்திருக்கிறது. அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவே இல்லை. குத்தூஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. சும்மா நிற்கத் தெரியாமல், நேராக நின்ற பால் வண்டியை மறுபடியும் நேராக வைத்தார்.

உம்மா மகளைப் பார்த்தாள். பிறகு வண்டிகளைப் பார்த்தாள்.

"சரி, நடக்குற வழியில வைக்காதே. ஜன்னலோரமாப் போடு," என்றாள். போகிற போக்கில் குனிந்து, வாழைப்பழ வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல என்னத்த ஏத்துறது?" என்று கேட்டாள்.

மஜீதா பதில் சொல்ல உட்கார்ந்தாள்.